விஷம் தின்னும் கிருமிகளால் தேயிலை மலைக்கு விடிவு உண்டா?

தோட்டத்தில் அதற்கு ஒரே பெயர்தான். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, புல்லுக்கு அடிப்பதும் மருந்து. 'இன்னிக்கு உனக்கு என்ன வேலை?' என்று கேட்டால், 'மருந்தடி' என்பார்கள். எத்தனை சாதாரணமான பதில்! ஆனால் அந்த டின்னுக்குள் இருப்பது நோயைத் தீர்க்கிற சரக்கல்ல. உயிரைக் கொல்வதற்கென்றே செய்யப்பட்ட விஷம். பாட்டாளி அதை முதுகில் சுமக்கிறான். நிர்வாகம் அதைக் கணக்கில் சுமக்கிறது. மண்ணோ எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் சுமந்துகொண்டே இருக்கிறது.

இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. மண்ணுக்குள் ஒரு வகைக் கிருமி உண்டாம், பூச்சி மருந்தையும் புல் மருந்தையும் அதுவே தின்று செரித்து மண்ணைச் சுத்தமாக்கிவிடுமாம். 'அப்படின்னா கவலையே இல்லீங்களே, அடிச்சுக்கிட்டே போகலாமே' என்று சிலர் கேட்கிறார்கள். தொழிலாளி கேட்டால் அறியாமை என்று விடலாம். டை கட்டியவர்களும் இதையே கேட்கும்போதுதான் நமக்குச் சந்தேகம் வருகிறது. ஆகவே இந்தக் கிருமி விஷயத்தில் எது உண்மை, எது உடான்ஸ் என்று நாம் கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது.

உண்மை இருக்கிறது. அதுவும் சின்ன உண்மை அல்ல.

பிலிப்பைன்ஸ் நாட்டில் லோஸ் பானோஸ் என்ற ஊரில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் அங்கே வேலை பார்த்தவர் சேதுநாதன் என்ற இந்திய விஞ்ஞானி. அந்த வயல்களில் டயசினோன் என்ற பூச்சி மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டு வந்தார்கள். ஒரு கட்டத்தில் பார்த்தால், போட்ட மருந்து வயலில் நிற்கவில்லை. முன்பு பல நாள் இருந்தது, சீக்கிரமே காணாமல் போக ஆரம்பித்தது. மழை அடித்துக்கொண்டு போகவில்லை, வெயிலும் காய்ச்சவில்லை. வயல் தண்ணீரிலேயே ஏதோ ஒன்று அதைத் தின்கிறது என்று கண்டார்கள். சேதுநாதனும் யோஷிடா என்ற ஜப்பானிய விஞ்ஞானியும் அந்தக் கிருமியைத் தனியே பிரித்தெடுத்து 1973-ல் உலகுக்கு அறிவித்தார்கள். டயசினோன் மட்டுமல்ல, பாரத்தியோன் என்ற கொடிய விஷத்தையும் அது முறித்தது.

எப்படி முறிக்கிறது? கிருமிக்குப் பல்லும் இல்லை, வாயும் இல்லை. அதன் உடம்பில் நொதி என்ற ஒன்று சுரக்கிறது. நம் வயிற்றில் சோற்றைக் கரைப்பதும் நொதிதான். இந்த வகை மருந்துகளின் விஷமெல்லாம் ஒரு மூட்டில்தான் இருக்கிறது. அந்த மூட்டைக் கத்தரி வைத்தாற்போல் நொதி வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட துண்டுகளுக்குப் பழைய கொடுமை இல்லை. சில கிருமிகள் அந்தத் துண்டையே ஆகாரமாக்கிப் பிழைக்கின்றன. அள்ளி அள்ளிப் போடப்போட, அதைத் தின்னத் தெரிந்த கிருமி பெருகுகிறது. வீட்டு வாசலில் தினம் சோறு போட்டால் ஊர்க் கோழியெல்லாம் கூடுவதில்லையா, அந்தக் கதைதான்.

பின்னர் சேதுநாதன் ஒரிசா மாநிலத்தில் கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். அங்கே 1990-ல் அவரும் அவரோடு இருந்தவர்களும் கரும்பு வேரை ஒட்டிய மண்ணிலிருந்து இன்னொரு கிருமியை எடுத்தார்கள். லிண்டேன் இருக்கிறதே, நெடுங்காலம் மண்ணைவிட்டுப் போகாத பிடிவாதக்கார விஷம், அந்தக் குடும்பத்து மருந்துகளையே அது முறித்தது. பிற்பாடு டில்லி பல்கலைக்கழகத்தார் அதை ஆராய்ந்தார்கள். இன்று அதற்கு 'ஸ்பிங்கோபியம் இண்டிக்கம்' என்று பெயர். கரும்புக் காட்டு மண்ணிலிருந்து வந்தது என்பதற்காகவாவது நம்மவர்கள் அந்தப் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மருந்து மண்ணில் சீக்கிரம் அழிவது நமக்கு நல்ல சேதி. மருந்து விற்பவனுக்கு அது கெட்ட சேதி. கார்போபியூரான் என்ற மருந்து அமெரிக்கச் சோள வயல்களில் இப்படிப் பலனற்றுப் போனபோது, அந்த மண்ணுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பிரச்சினை மண்'. விஷத்தைத் தின்று தீர்த்த மண் பிரச்சினையாம்! மருந்து கேட்கவில்லை என்றதும் பல இடங்களில் என்ன செய்வார்கள்? அளவைக் கூட்டுவார்கள். அல்லது இதைவிடக் காரமான சரக்கைக் கொண்டுவருவார்கள். இரண்டிலும் பம்பு தூக்குகிற முதுகு நம்முடையதுதான்.

சரி, நம் மலைக்கு வருவோம்.

பிலிப்பைன்ஸ் நெல் வயலில் நடந்தது ஹபுவிலும் சுங்கை பாலாஸிலும் ப்ளூ வேலியிலும் அப்படியே நடக்குமா? நடக்காது என்றுதான் நாம் நினைக்கிறோம். முதல் காரணம் குளிர். கிருமி வெதுவெதுப்பில் சுறுசுறுப்பாகவும் குளிரில் மந்தமாகவும் வேலை செய்யும். கீழே செம்பனைத் தோட்டத்தில் சீக்கிரம் முறிகிற அதே மருந்து, போர்வை போர்த்திக்கொண்டு பெரட்டுக்குப் போகிற நம் மலையில் அதிக நாள் கிடக்கும். இரண்டாவது, மண்ணின் புளிப்பு. தேயிலைக்குப் புளித்த மண்தான் பிடிக்கும், அளவு 4.5-லிருந்து 5.5-க்குள் இருந்தால் செடி செழிக்கும். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சி மருந்தைப் பற்றி 2003-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, புளிப்பு 4.7 உள்ள மண்ணில் அது மெதுவாகவும், 7.7-க்கு மேலுள்ள மண்ணில் வேகமாகவும் முறிந்ததைக் காட்டுகிறது. பொதுக் கணக்கில் அந்த மருந்து பாதியாகக் குறையவே 2 மாதத்திலிருந்து 4 மாதம் பிடிக்கும். மண்ணைப் பொறுத்து ஒரு வருஷத்துக்கு மேலும் இழுக்கும். கிருமிக்காகச் சுண்ணாம்பைக் கொட்டிப் புளிப்பைக் குறைக்கலாமே என்றால், தேயிலை கோபித்துக்கொள்ளும்.

மூன்றாவது, மழையும் சரிவும். நெல் வயல் தட்டையானது, தண்ணீர் அங்கேயே நிற்கும், கிருமிக்கு நேரம் கிடைக்கும். நம் மலையில் மதியம் மழை பிடித்தால் காலையில் அடித்தது சாயங்காலம் பெர்த்தாம் ஆற்றில் இருக்கும். பெர்த்தாம் ரிங்லெட் அணைக்குப் போகிறது. கம்போங் ராஜா பக்கத்துத் தெலோம் ஆற்றுத் தண்ணீரையும் குகை வெட்டி இந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். தேயிலைக்கு அடிப்பது குறைவு, காய்கறித் தோட்டங்களில்தான் ஓயாமல் அடிக்கிறார்கள் என்று சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஆற்றுக்கு இது தேயிலை மருந்து, இது கோபிஸ் மருந்து என்று பேதம் தெரியுமா? தடை செய்யப்பட்ட பழைய மருந்துகளின் மிச்சம்கூடக் கேமரன் மலை ஆறுகளில் இருப்பதை நம் நாட்டுப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். அந்த ஆற்றோரத்தில் செமாய் பூர்வகுடி மக்கள் குளிக்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள். அவர்கள் எந்தத் தோட்டத்திலும் பெயர் பதிந்தவர்கள் அல்லர்.

பாரகுவாட் கதை இன்னும் வேறு. 1962-ல் சந்தைக்கு வந்த இந்தப் புல் மருந்தைத் தெரியாத தோட்டக் குடும்பம் கிடையாது. 'கிராமக்சோன்' என்றால் வயதானவர்கள் இன்றும் முகத்தைச் சுளிப்பார்கள். நகம் கறுத்து உதிர்வதும் மூக்கில் ரத்தம் வருவதும் கண் எரிவதும் அதன் வேலை. குடித்துவிட்டவர்களைக் காப்பாற்ற மாற்று மருந்தே இல்லை. இதைத் தின்கிற கிருமியும் உண்டா என்றால், உண்டு. ஒரு வகை ஈஸ்ட் ஆய்வுக்கூடக் குப்பியில் இதைச் செரித்துக் காட்டியிருக்கிறது. ஆனால் குப்பி வேறு, மலை வேறு. களிமண்ணில் விழுந்த பாரகுவாட் மண்துகளோடு அட்டையாக ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியபின் வேருக்கும் கிடைக்காது, கிருமிக்கும் கிடைக்காது, வருஷக் கணக்கில் அப்படியே கிடக்கும். சாப்பாடு பூட்டிய பெட்டிக்குள் இருந்தால் பசியுள்ளவனால் என்ன செய்ய முடியும்? இந்த நாட்டில் 2002-ல் அதைப் படிப்படியாக நிறுத்தப் போவதாகச் சொன்னார்கள், 2006-ல் பின்வாங்கினார்கள், கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத்தடை வந்தது. சொன்னதற்கும் செய்ததற்கும் இடையில் 17 வருஷத்துக்கு மேல். அந்த இடைவெளியில் பம்பு தூக்கியவர்களின் நுரையீரலை எந்தக் கிருமி வந்து சுத்தம் செய்யும்?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 'முறிந்துவிட்டது' என்றால் 'தீர்ந்துவிட்டது' என்று அர்த்தமாகாது. எண்டோசல்பான் மண்ணில் முறியும்போது எண்டோசல்பான் சல்பேட் என்று ஒன்று உண்டாகிறது; அது தாயைப் போலவே விஷம், தாயைவிட நீண்ட ஆயுசு. கேரளாவில் காசர்கோடு மாவட்டத்து முந்திரித் தோட்டங்களுக்கு மேல் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை இந்த மருந்தைத்தான் ஹெலிகாப்டரில் வந்து தெளித்தார்கள். கீழே வீடுகள் இருந்தன, கிணறுகள் இருந்தன. ஊனத்தோடும் மூளை வளர்ச்சிக் குறைவோடும் குழந்தைகள் பிறந்ததை உலகமே பார்த்தது. 2011-ல் இந்திய உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதும் தடுத்து நிறுத்தியது. 2017-ல் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. எண்டோசல்பானை முறிக்கும் கிருமிகளும் விஞ்ஞானிகள் கையில் இருக்கின்றன. இருந்து என்ன, அந்தப் பிள்ளைகளுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை.

அப்படியானால் இந்தக் கிருமி வித்தையை மூட்டை கட்டி வைத்துவிடலாமா? கூடாது. சரியான இடத்தில் வைத்தால் அது தங்கமான வித்தை. அந்த இடம் மலைச் சரிவு அல்ல, மருந்து ஸ்டோர் வாசல்!

யோசித்துப் பாருங்கள். காட்டில் அடிக்கும்போது மருந்து தண்ணீரில் கரைத்துப் பரவலாக விழுகிறது. ஆனால் டின்னைத் திறந்து ஊற்றுகிற இடத்தில், கை தவறிக் கொட்டுவது கரைக்காத பச்சை விஷம். வேலை முடிந்து பம்பு கழுவுவது எங்கே? பைப் இருக்கிற இடத்தில். அந்தத் தண்ணீர் போவது எங்கே? கானில். கான் போவது எங்கே? இதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆற்றுக்குப் போகும் மருந்தில் கணிசமான பங்கு வயலில் அடித்ததல்ல, கலக்குகிற இடத்திலும் கழுவுகிற இடத்திலும் சிந்தியதுதான் என்று ஐரோப்பாவில் கண்டார்கள்.

அதற்குச் சுவீடன் நாட்டு விவசாயிகள் 1990களின் தொடக்கத்திலிருந்து ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறார்கள். பெரிய மிஷின் ஒன்றும் இல்லை. முழங்காலுக்குச் சற்று மேல் ஆழம், 60 சென்டிமீட்டர். அடியில் தண்ணீர் இறங்காதபடி களிமண் மெத்தை. அதற்கு மேல் ஒரு கலவை: பாதி வைக்கோல், கால் பங்கு மட்கிய கரி மண், கால் பங்கு சாதாரண மேல்மண். மேலே புல். அதன்மேல் வைத்துத்தான் மருந்து கலக்க வேண்டும், பம்பு கழுவ வேண்டும். சிந்துவதெல்லாம் வைக்கோலுக்குள் இறங்கும். வைக்கோலை மட்க வைக்கிற வெள்ளைப் பூஞ்சைகள் மரத்தையே கரைக்கக்கூடிய நொதியைச் சுரப்பவை. அந்த நொதி மருந்தையும் விடுவதில்லை. மண் கிருமிகளும் சேர்ந்துகொள்ளும். சில வருஷத்துக்கு ஒருமுறை கலவையை வெளியே எடுத்துக் குவித்து, ஒரு வருஷம்போல மட்கவிட்டு, புதுக்கலவை நிரப்புகிறார்கள். சுவீடனில் தொடங்கிய இந்தக் குழி பிறகு ஐரோப்பாவின் மற்ற நாடுகளுக்கும், கடல் தாண்டிக் குவாத்தமாலா போன்ற வெப்ப நாடுகளுக்கும் போயிருக்கிறது.

நமக்கு வைக்கோல் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். தேயிலைக் கவாத்து வெட்டினால் குச்சியும் இலையும் மலை மலையாகக் கிடக்கவில்லையா? அதோடு கேமரன் மலையில் காளான் கொட்டகைகள் இருக்கின்றன. காளான் எடுத்தபின் தூக்கிப்போடுகிற பழைய பைகளில் இருப்பது அதே வகைப் பூஞ்சைதான். அதை இத்தகைய குழிகளில் போட்டு வெளிநாடுகளில் சோதித்திருக்கிறார்கள். எந்தச் சரக்கு எத்தனை பங்கு என்பதை இங்குள்ள மண்ணுக்கும் குளிருக்கும் ஏற்பப் பார்த்துச் சொல்ல வேண்டியது விவசாய இலாகாவின் வேலை. ஒன்றே ஒன்று, நம் ஊர் மழைக்குக் கூரை இல்லாமல் குழி வெட்டினால் அது குளமாகிவிடும். நாலு தூண், நாலு தகரம். ஒரு தோட்டத்து நிர்வாகத்துக்கு இது பெரிய செலவா? விருந்தாளி வந்து தேநீர் குடிக்கக் கண்ணாடி மாளிகை கட்ட முடிகிற மலையில், தகரக் கொட்டகைக்குப் பணம் இல்லை என்றால் யார் நம்புவது?

ஆஸ்திரேலியாவில் அரசாங்க ஆராய்ச்சி நிலையமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. இன்னும் ஒரு படி போயிற்று. கிருமியை விட்டுவிட்டு அதன் நொதியை மட்டும் எடுத்து, மருந்து கலந்த அழுக்குத் தண்ணீரில் போட்டால் விஷம் முறிகிறபடி ஒரு சரக்கை உருவாக்கியது. ஆடு குளிப்பாட்டுகிற மருந்துத் தொட்டிகளுக்கு அது பயன்பட்டது. இதுவும் கழிவுத் தண்ணீருக்குத்தான், கவனியுங்கள். பரந்து கிடக்கிற மலைக்கல்ல.

ஆகவே யாராவது பாட்டிலில் கிருமியை அடைத்துக் கொண்டுவந்து, 'இதை ஒரு ஏக்கருக்கு இவ்வளவு தெளியுங்கள், மண் பரிசுத்தமாகிவிடும்' என்று சொன்னால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வேற்று மண்ணில் வளர்ந்த கிருமி நம் புளிப்பு மண்ணில் இறங்கினால், உள்ளூர்க் கிருமிகளோடு போட்டி போட முடியாமல் பெரும்பாலும் செத்துப்போகும். எந்த மருந்துக்கு எந்தக் கிருமி, எந்த மண்ணில் சோதித்தது என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் பாட்டிலும் வேண்டாம். காய்கறி போடுகிற நம் சிறு விவசாயிகள் இதில் ஏமாறக்கூடாது, அவர்கள் கையில் இருப்பதே கொஞ்சம்.

மருந்தே வேண்டாம் என்று ஒரே நாளில் நிறுத்திவிடலாமே என்போரும் உண்டு. 2021-ல் இலங்கை அரசாங்கம் ரசாயன உரத்தையும் மருந்தையும் திடீரென்று தடுத்தது. மாதக் கணக்கில் தவித்து, அதே வருஷக் கடைசியில் தடையைத் தளர்த்தியது. தேயிலை குறைந்தது, அடி வாங்கியது சிறு தோட்டக்காரரும் கொழுந்து பறிப்பவரும்தான். கெட்ட மருந்தை ஒவ்வொன்றாக விலக்கி, கையால் களை எடுக்க ஆளும் கூலியும் கொடுத்துப் போவதே நடக்கிற காரியம். நம் நாட்டில் குளோர்பைரிபாஸையும் கார்போபியூரானையும் 2023 மே 1 முதல் விவசாயத்துக்குத் தடுத்ததை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஸ்டோர் மூலையில் கிடக்கிற பழைய டின்கள் என்ன ஆயின? தடை வந்த அன்று அவை ஆவியாகிப் போகவில்லையே.

இங்கேதான் தொழிலாளர் கேட்க வேண்டியது இருக்கிறது. 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும், அதன்கீழ் ரசாயனங்களுக்காக 2000-ல் வந்த விதிகளும், ஆபத்தை மதிப்பிட வேண்டும், தொழிலாளிக்கு விவரம் சொல்ல வேண்டும், பயிற்சி கொடுக்க வேண்டும், தேவையானவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று முதலாளிக்குக் கட்டளையிடுகின்றன. நரம்பைத் தாக்கும் மருந்து வகைகளை அடிப்பவர்களுக்கு ரத்தத்தில் கோலினெஸ்டிரேஸ் என்ற ஒன்றைப் பார்த்தால் உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். தலைவலி, வாயில் எச்சில் ஊறல், கை நடுக்கம் வந்த பிறகு பார்ப்பதல்ல. முன்பே ஒருமுறை பார்த்து வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். 'பனடோல் போட்டுட்டுப் படு, காலையில சரியாப் போகும்' என்பது பரிசோதனை ஆகாது.

2002-ல் தெனாகனிதா அமைப்பும் பினாங்கிலிருந்து இயங்கும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் தோட்டங்களில் மருந்தடிக்கிற பெண்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. விஷமும் ஏறி, வாயும் அடைபட்டவர்கள் என்பது அதன் தலைப்பின் பொருள். வாய் அடைபட்டதுதான் பெரிய நோய். இன்று லயத்தில் நம் பிள்ளைகள் குறைவு. பம்பைத் தூக்குவது பங்களாதேசத்துத் தம்பியும் நேப்பாளத்துத் தம்பியும் இந்தோனேசியச் சகோதரியும். டின்னில் எழுதியிருப்பது அவர்களுக்கும் புரிவதில்லை. முன்பு நமக்கு நேர்ந்ததைத் தெரிந்தவர்கள் நாம்தான். அவர்களுக்கும் சேர்த்து நாம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக் கிளைக் கூட்டங்களில் சம்பளம், போனஸ், வீட்டுக் கூரை எல்லாம் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதையும் எழுதிக் கொடுங்கள்: ஸ்டோரில் இருக்கும் ஒவ்வொரு மருந்தின் பெயரும் தமிழிலும் அங்கே வேலை செய்கிறவர்களின் பாஷைகளிலும் சுவரில் ஒட்டப்பட வேண்டும். கலக்குகிற, கழுவுகிற இடம் கானையும் ஆற்றையும் விட்டுத் தள்ளி, கூரை போட்ட மட்குக் குழியின் மேல் இருக்க வேண்டும். அந்தக் குழியைப் பார்த்துக்கொள்ளப் பழகிய ஓர் ஆளுக்கு அது பெயர் போட்ட வேலையாக இருக்க வேண்டும். ஓவர்டைமில் ஓசியாகச் செய்கிற வேலையாக அல்ல. காலி டின்னை ஓட்டை போட்டு ஒப்படைக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீர் பிடித்து வைக்கிற பழக்கம் இன்னும் சில லயங்களில் இருக்கிறது, பெண்கள் இன்றைக்கே அதைத் தூக்கி எறியட்டும். ரத்தப் பரிசோதனைச் சீட்டின் நகல் ஆபீஸ் பைலில் மட்டும் இருந்தால் போதாது, அடித்தவர் கையிலும் இருக்க வேண்டும்.

ஆபீஸில், 'இந்தக் குழி நம்ம ஊருக்குச் சரிப்படாது' என்று சொல்வார்கள். சரி, ஒரே ஒரு டிவிஷனில் வெட்டி ஒரு வருஷம் பாருங்கள், அதற்குள் இறங்கிய தண்ணீரையும் கான் தண்ணீரையும் சோதனைக்கு அனுப்புங்கள், கணக்கைப் பெரட்டுக் களத்தில் ஒட்டுங்கள் என்று கேளுங்கள்.